போட்ட முதல் எத்தனை மாதத்தில் திரும்பும்? கடை திறக்குமுன் போட வேண்டிய கணக்கு

கொழும்பு வெள்ளவத்தையில் ரோல்ஸ், பற்றிஸ், தேநீர் விற்கும் ஒரு சிறு கடை. போட 50 இலட்சம் ரூபாய் வேண்டும், மாதம் 2 இலட்சம் மிஞ்சும் என்று வைப்போம். ஐம்பதை இரண்டால் வகுத்து, 25 மாதத்தில் முதல் வந்துவிடும் என்கிறார்கள். அதே கடைக்கு மாதம் மாதமாகக் காசை எழுதிப் பார்த்தால் 37 மாதம் வருகிறது. இடைப்பட்ட அந்த ஒரு வருடத்தைத் தாங்கக் காசு இல்லாமல்தான் நல்ல வியாபாரம் உள்ள கடைகளும் மூடப்படுகின்றன.

முதலில் இரண்டு கணக்குகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தின் வரவு அந்த மாதத்தின் செலவைத் தொடுவது இலாப நட்டமற்ற நிலை. போட்ட பணம் முழுவதும் கைக்கு மீள்வது முதல் திரும்பும் காலம். முதலாவதைத் தாண்டிய பிறகுதான் போட்ட பணம் திரும்பத் தொடங்குகிறது; ஆனால் காலத்தை முதல் ரூபாய் போன நாளிலிருந்தே எண்ணவேண்டும்.

போட்ட பணத்தை எழுதும்போது, திறப்பதற்கு முன் கையை விட்டுப் போகும் ஒவ்வொரு ரூபாயும் அதில் வரவேண்டும்:

தச்சு வேலை, மின் இணைப்பு, தண்ணீர்க் குழாய்: 18 இலட்சம்
போறணை, ஃப்ரீசர், கண்ணாடி அலுமாரி: 14 இலட்சம்
வீட்டுக்காரருக்கு 6 மாத முற்பணம்: 9 இலட்சம்
முதல் சரக்கும் கைக்காசும்: 4 இலட்சம்
திறக்குமுன் 2 மாத வாடகையும் சம்பளமும்: 5 இலட்சம்

கடைசி வரியைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள். பொருட்களின் விலையை வற் எனும் பெறுமதி சேர் வரியோடு சேர்த்தே எழுதுங்கள். 2024 ஜனவரி தொடக்கம் அது 18 வீதம். வற் பதிவில்லாத கடை அதைத் திரும்பக் கோர முடியாது. முற்பணம் ஒரு நாள் திரும்பும் என்றாலும், திரும்பும் மாதம் வரை அதை வரவில் எழுதாதீர்கள்.

அடுத்தது மாதச் செலவு. வாடகை 1.5 இலட்சம், நான்கு பேருக்குச் சம்பளம் 2.6 இலட்சம். அந்தச் சம்பளத்தின் மேல் முதலாளி கட்டவேண்டிய ஊழியர் சேமலாப நிதி 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம், ஆக 39,000 ரூபாய். மின்சாரம், எரிவாயு, தண்ணீர் 1 இலட்சம். திருத்த வேலை, தொலைபேசி, சில்லறைச் செலவு 31,000. உங்கள் சம்பளம் 1 இலட்சம். மொத்தம் 6.8 இலட்சம். கடையில் நிற்பது நான்தானே என்று உங்கள் சம்பளத்தை விட்டுவிட்டால், உங்கள் உழைப்பையே இலாபமென்று எண்ணிவிடுவீர்கள்.

100 ரூபாய் விற்பனையில் மா, இறைச்சி, எண்ணெய், பொதி எல்லாம் 45 ரூபாய் என்றால் 55 ரூபாய் மிஞ்சும். 6.8 இலட்சத்தை 0.55ஆல் வகுத்தால் ஏறத்தாழ 12.4 இலட்சம். மாதம் அவ்வளவு விற்றால்தான் கையிலிருந்து காசு போவது நிற்கும்; இதுதான் இலாப நட்டமற்ற நிலை. 16 இலட்சம் விற்றால் 2 இலட்சம் மிஞ்சும்.

ஆனால் திறந்த அன்றே எந்தக் கடையும் 16 இலட்சம் விற்பதில்லை. முதல் மூன்று மாதம் பாதி, அடுத்த மூன்று மாதம் முக்கால் என்று வையுங்கள். 8 இலட்சம் விற்கும் மாதத்தில் 2.4 இலட்சம் குறையும். 12 இலட்சம் விற்கும் மாதத்தில் 20,000 குறையும். ஆறு மாதத்தில் இன்னும் 7.8 இலட்சம் கையிலிருந்து போகிறது. போட்ட 50 இலட்சத்தோடு இதையும் சேர்த்தால், குழியின் அடி 57.8 இலட்சம். உங்களுக்குத் தேவையான பணம் இதுதான், 50 இலட்சம் அல்ல. அதன் பிறகு மாதம் 2 இலட்சமாக ஏறினால் 29 மாதம். ஆயத்தம் 2, ஏற்றம் 6, மீட்பு 29: முதல் ரூபாய் போன நாளிலிருந்து 37 மாதம்.

இப்போது விற்பனையை 10 வீதம் குறைத்து அதே தாளை மீண்டும் போடுங்கள். மாத மிச்சம் 1.12 இலட்சமாகிறது, குழி 61.1 இலட்சமாகிறது, காலம் 63 மாதமாகிறது. வாடகையும் சம்பளமும் அசையாமல் நிற்பதால் விற்பனையின் சிறு சரிவும் மிச்சத்தைப் பெரிதாகக் குறைக்கிறது. 2022இல் டொலர் சில வாரங்களில் 200 ரூபாயிலிருந்து 360க்கு மேல் போனதைக் கண்ட ஊரில், இந்த இரண்டாவது தாள் இல்லாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கக்கூடாது.

ஒப்பந்தக் காலத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடை இரண்டு வருட வாடகைக்கு, முதல் திரும்ப 37 மாதம் என்றால், தச்சு வேலைக்குப் போட்ட 18 இலட்சம் வீட்டுக்காரரின் மனதை நம்பி நிற்கிறது. நான்கு அல்லது ஐந்து வருடம் கேளுங்கள். வருடாந்த வாடகை உயர்வையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் சுவரில் போடும் செலவைக் குறைத்து, தூக்கிக்கொண்டு போகக்கூடிய சாமான்களில் போடுங்கள்.

பணத்தின் வட்டியும் ஒரு செலவு. வருடம் 12 வீதம், அதாவது மாதம் 1 வீதம் என்று வைத்தால், 36 மாதம் கழித்து வரும் 2 இலட்சத்தின் இன்றைய பெறுமதி 1.4 இலட்சம்தான். ஒவ்வொரு மாதத் தொகையையும் 1.01ஆல் அத்தனை முறை வகுத்துக் கூட்டினால், 50 இலட்சமும் முதல் நாளே போனதாகக் கொண்டு, 37 மாதம் 46 ஆகிறது. வங்கிக் கடன் எடுத்தவர் ஒன்றை முடிவு செய்யவேண்டும்: வியாபாரத்தை அளக்கிறீர்களா, உங்கள் சட்டைப்பையை அளக்கிறீர்களா? வியாபாரத்துக்கு முழு முதலையும் எழுதுங்கள், தவணையைச் செலவில் சேர்க்காதீர்கள். சட்டைப்பைக்கு உங்கள் பங்கை மட்டும் எழுதி, தவணையைக் கழியுங்கள். இரண்டையும் கலந்தால் ஒரே பணம் இருமுறை கழிபடும்.

சாமான் பழையதாகி விலை குறைவதைக் காட்டும் பெறுமானத் தேய்வு இந்தத் தாளில் வராது. போறணையின் விலையை முதலிலேயே எழுதிவிட்டோம். கோட்டைப் பக்க அலுவலகங்களுக்குக் கடனுக்குச் சாப்பாடு கொடுத்தால், பில் போட்ட மாதத்தில் அல்ல, காசு வந்த மாதத்தில் எழுதுங்கள். தீபாவளி மாத விற்பனையை 12ஆல் பெருக்காதீர்கள்.

திறந்த பிறகு மாத முடிவில் உண்மைத் தொகையை மதிப்பீட்டுக்குப் பக்கத்தில் எழுதி வாருங்கள். ஆறாம் மாதத்திலும் விற்பனை 12 இலட்சத்தைத் தொடவில்லையானால் பழைய 37ஐ வெட்டிவிட்டு, அன்றைய விற்பனையை வைத்துத் தாளைப் புதிதாகப் போடுங்கள்.