சிவப்புப் பேனாவை மூடிவிட்டுப் படியுங்கள்: புதிய நாவல்களுக்கு விமர்சனம் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையின் நிலாவெளிக் கடற்கரையில் நின்று, சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்த்ததாக ஒரு பெண் சாட்சி சொல்கிறாள். ஒரு துப்பறியும் நாவல் வெளிவந்த கையோடு அதை வாங்கி வாசித்தபோது, இந்த வரியில் என் பேனா நின்றது. நிலாவெளிக் கடல் கிழக்குப் பக்கம். அங்கே சூரியன் கடலில் எழும், கடலில் விழாது. "ஆசிரியர் திருகோணமலையை எட்டிப் பார்த்ததே இல்லை" என்று பக்கத்தின் ஓரத்தில் எழுதியும் விட்டேன். நூறு பக்கம் கழித்து, விசாரணை அதிகாரி அவளை மடக்கியது அந்த ஒரு வரியை வைத்துத்தான். அன்று மாலை அவள் அங்கே இருக்கவே இல்லை. நான் பிழையென்று வட்டமிட்டது நாவலாசிரியர் வேண்டுமென்றே வைத்த தடயம்.

அந்த நாவலின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் இன்னும் படிக்காதவருக்கு அதைக் கெடுத்துவிடுவேன்.

முப்பது வருடத்துக்கு மேல் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். விடைத்தாளைக் கையில் எடுத்தால் கண் முதலில் பிழையைத்தான் தேடும். அந்தப் பழக்கத்தோடு நாவலுக்குள் போவதுதான் எங்களைப் போன்றவர்கள் செய்யும் முதல் தவறு. மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்தே பிறக்கின்றன. மாணவன் எழுதும் விடைக்குச் சரியான பதில் ஒன்று முன்கூட்டியே எங்களிடம் இருக்கும். நாவலுக்கு அப்படி ஒன்று இல்லை. குற்றக் கதையிலோ, பிழைபோலத் தெரிவது பொய்யாக இருக்கலாம், பொய்போலத் தெரிவது உண்மையாக இருக்கலாம். ஆகவே கடைசிப் பக்கம் வரை எதையும் பிழையென்று தீர்க்காதீர்கள். பென்சிலால் பக்க எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு போங்கள். முடித்த பிறகு அந்தப் பக்கங்களுக்குத் திரும்புங்கள்.

திரும்பிய பிறகும் அவசரம் கூடாது. "திருகோணமலையில் சூரியன் தண்ணீரில் மறைவதே இல்லை" என்று எழுதினால் பிழை விடுவது நீங்கள்தான். உட்துறைமுக வீதியில் மாலையில் போய் நில்லுங்கள். மேற்கே, சீனக்குடாப் பக்கம் தண்ணீருக்கு மேலேதான் சூரியன் சாயும். ஊரைத் தெரிந்தவர் என்ற துணிச்சலில் சோதிக்காமல் எழுதுவது, தெரியாமல் எழுதுவதைவிட மோசம். வாசகர் உங்களை நம்புவதே நீங்கள் உள்ளூர்க்காரர் என்பதால்தான்.

மொழி விடயத்திலும் பேனா முந்திக்கொள்ளும். எங்கள் பக்கத்து மூதூரிலோ கிண்ணியாவிலோ நடக்கும் கதையில் ஒரு பாத்திரம் "எண்டு", "கெதியா", "வாப்பா" என்றுதான் பேசும். அதைக் கொச்சை என்று எழுதிய விமர்சனங்களைப் படித்து மனம் நொந்திருக்கிறேன். நான் பார்ப்பது வேறு: முதல் அத்தியாயத்தில் "எண்டு" என்றவர் பத்தாவது அத்தியாயத்தில் காரணமின்றி "என்று" சொல்கிறாரா? கிண்ணியா மீனவரின் வாயில் மதுரைப் பேச்சு வந்துவிட்டதா? அப்படி வந்தால் பக்க எண்ணோடு சொல்லுங்கள். அது நியாயமான குறை. கதைசொல்லியின் நடையில் சந்திப் பிழைகள் மலிந்திருந்தால் ஒரு வாக்கியத்தில் குறிப்பிட்டால் போதும். அதற்காக ஒரு பந்தி ஒதுக்க வேண்டாம்.

அடுத்தது, முடிவைப் போட்டு உடைப்பது. கொலையாளியின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். பெயரைச் சொல்லாமலே உடைத்துவிடுகிறோம் என்பதுதான் சிக்கல். "கடைசி அத்தியாயத்தில் காத்திருக்கும் அதிர்ச்சி" என்று எழுதிய உடனேயே வாசகர் கண்ணில் படுகிற எல்லாரையும் சந்தேகிக்கத் தொடங்குவார். மூன்று இடங்களில் மட்டும் வருகிற தபால்காரரின் பாத்திர வார்ப்பை நீங்கள் அளவுக்கு மீறிப் புகழ்ந்தால், அவரில் ஏதோ இருக்கிறது என்று கூர்மையான வாசகர் பிடித்துவிடுவார். திருப்பத்தால் பெயர்பெற்ற இன்னொரு நாவலோடு ஒப்பிடுவதும் அதே வேலையைச் செய்யும். நான் வைத்திருக்கும் எல்லை இது: நூலின் முதல் காற்பங்கில் நடப்பதை மட்டும் சொல்வேன். பின்னட்டையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பமாட்டேன். அதற்கு மேலும் சொல்லிவிடுகிற பின்னட்டைகள் உண்டு.

அப்படியானால் கட்டமைப்பை எப்படி மதிப்பிடுவது? 1929 இல் ரொனால்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார், தாமும் துப்பறியும் கதை எழுதியவர், அவ்வகைக் கதைகளுக்குப் பத்து விதிகள் வகுத்தார். துப்பறிபவருக்குக் கிடைக்கும் தடயம் வாசகருக்கும் உடனே காட்டப்பட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. விதிகளை மீறியும் நல்ல கதை எழுதலாம். ஆனாலும் இந்த ஒன்றை வைத்துச் சோதிப்பது பயன் தரும். பாதியில் நிறுத்தி, யாரைச் சந்தேகிக்கிறேன், ஏன் என்று குறிப்பேட்டில் எழுதி வைப்பேன். முடிந்ததும் இரண்டாம் முறை படித்துத் தடயங்கள் முன்னாலேயே கிடந்தனவா என்று பார்ப்பேன். விமர்சனத்தில், "திரும்பிப் படித்தேன், எல்லாம் கண்முன்னேதான் இருந்தன" என்றோ, "முக்கியமான ஒன்று மறைக்கப்பட்டிருக்கிறது" என்றோ எழுதினால் போதும். எது என்று சொல்லத் தேவையில்லை.

"வெறும் மர்மக் கதைதானே" என்று தள்ளும் எங்கள் ஆசிரியப் பெருமிதத்தையும் விட வேண்டும். திருகோணமலை இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை' 1891 இல் வந்தது. ஐரோப்பிய வீரகதை ஒன்றின் தழுவல். 1895 இல் 'மோகனாங்கி'யை எழுதிய சரவணமுத்துப்பிள்ளையும் இந்த ஊரவர்தான். அது நாயக்கர் காலத்தைக் களமாகக் கொண்ட வரலாற்று நாவல். அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலைத் தூண்டும் கதைகளோடுதான் எங்கள் ஊரின் நாவல் வரலாறு தொடங்குகிறது. மறுபக்கத்தில், இலக்கிய நாவலில் "ஒன்றுமே நடக்கவில்லை" என்று முறையிடுவதும் அதே தவறு. கொலையாளி யாரென்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடும் நாவலைப் பார்த்து "ஊகிக்க முடிந்தது" என்று குறை சொல்வதில் பொருளில்லை; அது கேட்கும் கேள்வி ஏன் செய்தான் என்பது.

சட்ட விபரங்களில் நாடு மாறிவிடக் கூடாது. தமிழ்நாட்டு நாவலில் முதல் தகவல் அறிக்கை வரும். எங்கள் பொலிஸார் விசாரணை விபரங்களைச் சொல்லும் பி அறிக்கையை நீதவானிடம் சமர்ப்பிப்பார்கள். "இந்தக் காலத்தில் ஏது ஜூரி?" என்று இலங்கை நாவலொன்றைக் கண்டிக்க முன் யோசியுங்கள். 2024 வரை நடைமுறையில் இருந்த இந்தியாவின் 1973 ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டக்கோவையில் ஜூரிக்கு இடமிருக்கவில்லை. இலங்கையின் 1979 ஆம் ஆண்டு 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில் இருக்கிறது: பாரதூரமான வழக்குகளில் குற்றஞ்சாட்டப்பட்டவர் மேல் நீதிமன்றத்தில் ஜூரியைக் கோரலாம். ஏழு பேர் அமர்வார்கள். அவர்களில் ஐந்து பேராவது இணங்கினால் தீர்ப்புச் செல்லும்.

கடைசியாக, சொல்லக் கொஞ்சம் சங்கடமான ஒன்று. எங்கள் பக்கம் நூல் வெளியீட்டு விழாவில் முதற்பிரதி வழங்குவார்கள், வெளியீட்டுரை, நயவுரை, ஏற்புரை நடக்கும். நூலின் நயத்தைப் பாராட்டிப் பேசும் நயவுரை நல்ல மரபு. எழுதியவரைச் சபையில் கௌரவிக்கிறது. அதே உரையை விமர்சனம் என்ற பெயரில் அச்சுக்குக் கொடுப்பது, எண்ணூறு, ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புத்தகம் வாங்குபவருக்குச் செய்யும் துரோகம். எழுதியவர் உங்கள் மாணவர் என்றால் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

போன மாதம் பழைய மாணவன் ஒருவன் தன் முதல் நாவலோடு வீட்டுக்கு வந்தான். "சேர், நீங்கதான் எழுதவேணும்" என்றான். விழாவில் பேசுகிறேன், விமர்சனம் எழுதமாட்டேன் என்றேன். முகம் வாடிவிட்டது. அவனை முன்பின் அறியாத, கண்டிப்பான ஒரு வாசகியிடம் பிரதியைக் கொடுக்கச் சொன்னேன். அவர் எழுதியதை வாசித்துவிட்டு நேற்று வந்தான். நாலாம் அத்தியாயம் தளர்கிறது என்று எழுதியிருக்கிறாராம். "எனக்கும் அது முதலே தெரியும் சேர்" என்றான்.