டிஸ்சார்ஜ் தகவல் அன்றைக்கே அடுத்த மருத்துவருக்குப் போய்ச் சேர: வட்டார அளவில் மருத்துவத் தரவுப் பகிர்வைத் தொடங்கும் முறை

இதயத் துடிப்பு சீராக இல்லை என்று ஒருவர் பெரிய மருத்துவமனையில் சேர்கிறார். சில நாளில் தேறி, வார்ஃபரின் மாத்திரையோடு வீடு திரும்புகிறார். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து அது. தொடங்கிய புதிதில் ஐ.என்.ஆர் என்ற ரத்தப் பரிசோதனையை அடிக்கடி செய்து, அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும். அடுத்த வாரமே சிறுநீர்த் தொற்று வருகிறது. வீட்டுக்கு அருகிலுள்ள கிளினிக்கில் கோட்ரைமாக்சசோல் எழுதித் தருகிறார்கள். இந்த இரண்டு மருந்தும் சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும் என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். இவர் வார்ஃபரின் சாப்பிடுகிறார் என்பதுதான் அந்த கிளினிக்குக்குத் தெரியாது.

அந்தத் தகவல் மருத்துவமனைக் கணினியில் பத்திரமாகத்தான் இருந்தது, கிளினிக்குக்குத்தான் போகவில்லை. ஒரு வட்டாரத்தில் இருக்கும் மருத்துவமனை, கிளினிக், லேப், மருந்துக்கடை, வீட்டுக்கு வந்து பார்க்கும் செவிலியர் என்று எல்லோருக்கும் நடுவில் இப்படிப்பட்ட தகவலை ஓடவிடுவதுதான் மருத்துவத் தரவுப் பகிர்வு. துறையில் இருப்பவர்கள் எச்.ஐ.இ என்பார்கள்.

மருத்துவமனை ஐ.டி பிரிவுக்குப் புதிதாக வந்தவர்கள், கிளினிக் நிர்வாகிகள், 'இந்த வேலையை நீ பார்த்துக்கொள்' என்று திடீரென்று பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

படி 1: ஒரே ஒரு கைமாற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்

முதல் கூட்டத்திலேயே யாராவது ஒருவர் 'நோயாளியின் முழு வரலாறும் எல்லோருக்கும் தெரிய வேண்டும்' என்பார். தலையாட்டிவிடாதீர்கள். முழு வரலாற்றைப் பகிரத் தொடங்கும் திட்டங்கள் ஒப்பந்தம், ஒப்புதல், தரவு வடிவம் என்று எல்லா முனையிலும் ஒரே நேரத்தில் சிக்கிக்கொள்கின்றன.

ஒரு நோயாளி ஒருவர் பொறுப்பிலிருந்து இன்னொருவர் பொறுப்புக்கு மாறும் ஓர் இடத்தைப் பிடியுங்கள். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போவது, சிறப்பு மருத்துவரிடம் பரிந்துரைத்து அனுப்புவது, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவது என்று பல உண்டு. என் தேர்வு டிஸ்சார்ஜ்தான். அந்தத் தகவல் பெரும்பாலும் கணினியில் ஏற்கெனவே பதிவாகிறது, கிடைத்தால் அடுத்த மருத்துவர் உடனே ஏதாவது செய்ய முடியும், நடந்ததா இல்லையா என்று அளக்கவும் எளிது.

படி 2: மென்பொருளுக்கு முன் ஒரு தாள்

ஒரு தாளில் ஐந்து கேள்விகளை எழுதுங்கள்: தகவல் எங்கே பிறக்கிறது? யாருக்குப் போக வேண்டும்? எவ்வளவு நேரத்துக்குள்? அதில் என்னென்ன இருக்க வேண்டும்? பெறுபவர் அதை வைத்து என்ன செய்வார்?

கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத தகவலை அனுப்ப வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரி எட்டுப் பக்கம் இருக்கலாம். ஆனால் கிளினிக்கில் இருப்பவர் முதல் நிமிடத்தில் தேடுவது சில விஷயங்களை மட்டும்தான்: எதற்காகச் சேர்ந்தார், எந்த மருந்து புதிது, எது நிறுத்தப்பட்டது, எதன் அளவு மாறியது, எந்தப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை, அடுத்து யார் எப்போது பார்க்க வேண்டும். மேலே சொன்ன நோயாளி விஷயத்தில் 'வார்ஃபரின் புதிது, ஐ.என்.ஆர் மூன்று நாளில்' என்ற ஒரு வரி போதும்.

இந்தத் தாளை வரையும்போது அனுப்பும் இடத்திலிருந்து ஒரு செவிலியரும், பெறும் இடத்திலிருந்து ஒரு வரவேற்பாளரும் கட்டாயம் இருக்க வேண்டும். ஃபேக்ஸும் தொலைபேசியும் உண்மையில் எப்படி ஓடுகின்றன என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

படி 3: ஒப்புதலும் ஒப்பந்தமும்

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதை உங்கள் சட்ட ஆலோசகரிடம் விட்டுவிடுங்கள். ஆனால் மூன்று முடிவுகளை நீங்கள்தான் எடுக்க வேண்டும். நோயாளி சரி என்று சொன்னால்தான் பகிர்வதா, அல்லது வேண்டாம் என்று சொல்லும்வரை பகிர்வதா என்பது முதலாவது. மனநலம், எச்.ஐ.வி, போதைப் பழக்கச் சிகிச்சை போன்ற நுட்பமான பதிவுகளைத் தனியே வைப்பது எப்படி என்பது இரண்டாவது. மூன்றாவது, நோயாளி மயக்கத்தில் இருக்கும் அவசரத்தில் பூட்டைத் திறக்கும் வழி. அப்படித் திறந்தவர் காரணத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும், பிறகு ஒருவர் அதைச் சரிபார்க்க வேண்டும்.

யார், எப்போது, எந்தப் பதிவைப் பார்த்தார் என்ற தணிக்கைப் பதிவு முதல் நாளிலிருந்தே இயங்க வேண்டும். பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அந்த இடைவெளியில் நடந்ததற்குக் கணக்கே இருக்காது.

படி 4: இவரும் அவரும் ஒருவர்தானா?

தொடக்கநிலைக்காரர்கள் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைப்பதும், மாதக்கணக்கில் இழுப்பதும் இந்த இடம்தான். மருத்துவமனை தரும் எண் வேறு, கிளினிக் தரும் எண் வேறு, லேப் எண் வேறு. எல்லா இடத்திலும் செல்லும் ஒரே அடையாள எண் இருந்தால் பாதி வேலை மிச்சம். இல்லையென்றால் நோயாளி அடையாள அட்டவணை ஒன்று வேண்டும். 'மருத்துவமனையில் 40871, கிளினிக்கில் 2215, இரண்டும் ஒரே ஆள்' என்று அது சொல்லும்.

ஆளைப் பொருத்த இரண்டு வழி உண்டு. ஒன்று, பெயர், பிறந்த தேதி, பாலினம், தொலைபேசி எண் எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால் மட்டும் ஒருவர் என்று கொள்வது. இன்னொன்று, ஒவ்வொரு ஒற்றுமைக்கும் வேற்றுமைக்கும் ஓர் எடை கொடுத்து, கூட்டுத்தொகையைப் பார்ப்பது. இந்த இரண்டாவது முறைக்குக் கணித அடித்தளம் போட்டவர்கள் இவான் ஃபெலெகி, ஆலன் சன்டர் என்ற இரு புள்ளியியலாளர்கள். அவர்களுடைய கட்டுரை வந்தது 1969இல். இன்றைக்கும் பல பொருத்தும் மென்பொருள்களுக்குள் இருப்பது அந்த யோசனைதான்.

அதன் தருக்கம் எளிது. பாலினம் ஒத்துப்போனால் பெரிதாக ஒன்றும் நிரூபணமாகாது, ஏனென்றால் முன்பின் தெரியாத இரண்டு பேரை எடுத்தாலும் பாதிக்குப் பாதி ஒத்துப்போகும். பிறந்த தேதி ஒத்துப்போனால் அது பெரிய சான்று. அரிதான பெயர் ஒத்துப்போனால் எடை கூடும், ஊரெல்லாம் வைக்கும் பெயர் என்றால் எடை குறையும்.

இனி சிக்கல்கள். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு ஜனவரி 1 என்று போட்டுவிடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். அந்தத் தேதி ஒத்துப்போவதற்கு முழு எடை கொடுத்தால் கதை முடிந்தது. இரட்டைப் பிள்ளைகளுக்குப் பிறந்த தேதி, முகவரி, பெற்றோரின் தொலைபேசி எண் எல்லாம் ஒன்றே. பெரும்பாலும் மாறுவது பெயர் மட்டும்தான், அதுவும் சில சமயம் ஓரெழுத்துதான். பிறந்த கையோடு பதிவாகும்போது பெயரும் இருக்காது.

இதில் இரண்டு வகைப் பிழை வரும். ஒரே ஆள் இரண்டாகப் பதிவானால் சில தகவல் விட்டுப்போகும். இரண்டு பேர் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் ஒருவருடைய ஒவ்வாமை இன்னொருவருக்குக் காட்டப்படும், ஒருவருடைய ரத்த வகை இன்னொருவர் பெயரில் வரும். இரண்டாவதுதான் ஆபத்து. ஆகவே தானாகச் சேர்ப்பதற்கான வரம்பை உயர்த்தியே வையுங்கள். நடுவில் விழும் சந்தேகக் கேஸ்களை ஒரு மனிதர் உட்கார்ந்து பார்க்கட்டும். தவறாகச் சேர்ந்ததைப் பிரிக்கும் வசதி இருக்கிறதா என்று மென்பொருள் வாங்கும் முன்பே கேளுங்கள். சேர்ப்பதைச் செய்து காட்ட விற்பனையாளர்கள் எல்லோரும் தயார்தான். 'பிரித்துக் காட்டுங்கள்' என்றால்தான் அறை அமைதியாகும்.

படி 5: ஒரே வடிவம், ஒரே குறியீடு, ஒரே அலகு

1987இல் தொடங்கிய எச்.எல்.7 என்ற அமைப்பு மருத்துவத் தகவல் பரிமாற்றத்துக்கான வடிவங்களை வகுக்கிறது. அதன் பழைய இரண்டாம் பதிப்புச் செய்திகள் இன்றும் மருத்துவமனைகளுக்குள் ஓடிக்கொண்டிருக்கின்றன. நமக்கு வேண்டியது ஏ.டி.டி என்ற வகை. நோயாளி சேர்ந்தால் ஏ01, டிஸ்சார்ஜ் ஆனால் ஏ03, விவரம் திருத்தப்பட்டால் ஏ08. ஒரு செய்தியைத் திறந்து பார்த்தால் வரிவரியாக இருக்கும், புலங்களுக்கு நடுவில் நெட்டுக்கோடு. பி.ஐ.டி என்று தொடங்கும் வரியில் மூன்றாம் புலம் நோயாளி எண், ஐந்தாவது பெயர், ஏழாவது பிறந்த தேதி. பி.வி.1 என்ற வரியின் 45ஆம் புலம் டிஸ்சார்ஜ் ஆன நேரம். பழக்கமானால் கண்ணாலேயே படித்துவிடலாம்.

புதிதாகக் கட்டுபவர்கள் அதே அமைப்பின் எஃப்.எச்.ஐ.ஆர் வடிவத்துக்குப் போகிறார்கள். 'ஃபயர்' என்றுதான் உச்சரிப்பார்கள். இதில் நோயாளி, மருத்துவமனை வருகை, பரிசோதனை முடிவு, மருந்துச் சீட்டு, ஒவ்வாமை என்று ஒவ்வொன்றும் தனித்தனித் தகவல் துண்டு. இணையதளத்தைத் திறப்பதுபோல ஒரு முகவரியைக் கேட்டால் அந்தத் துண்டு வந்து நிற்கும். ஐந்தாம் பதிப்பு 2023இல் வந்துவிட்டாலும் பரவலாகப் புழங்குவது நான்காம் பதிப்புதான், அதிலேயே தொடங்குங்கள். எதை அனுப்புவது என்று குழப்பமாக இருந்தால் 'பன்னாட்டு நோயாளிச் சுருக்கம்' என்ற தரத்தைப் பாருங்கள். அதில் கட்டாயப் பகுதிகள் மூன்றே: நோய்கள், மருந்துகள், ஒவ்வாமைகள்.

வடிவம் ஒன்றானாலும் உள்ளே இருக்கும் சொல் ஒன்றாக வேண்டும். அதற்குப் பொதுவான குறியீட்டுப் பட்டியல்கள் உண்டு: பரிசோதனைகளுக்கு லாயிங்க், நோய்களுக்கு ஸ்னோமெட் சி.டி அல்லது ஐ.சி.டி. சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ1சி பரிசோதனையை ஒரு லேப் ஒருமாதிரி எழுதும், இன்னொன்று வேறுமாதிரி எழுதும். இரண்டுக்கும் லாயிங்க் எண் 4548-4 என்று போட்டுவிட்டால் கணினி ஒரே வரைபடத்தில் காட்டும்.

அலகுகளில் கூடுதல் கவனம் வேண்டும். ரத்தச் சர்க்கரை 126 மி.கி/டெ.லி என்பதும் 7.0 மில்லிமோல்/லிட்டர் என்பதும் ஒன்றே. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவை ஒரு லேப் 1.2 (மி.கி/டெ.லி) என்று தருவது இன்னொரு லேப் அறிக்கையில் 106 (மைக்ரோமோல்/லிட்டர்) என்று வரும், இரண்டும் சரி. அலகைத் தொலைத்துவிட்டு எண்ணை மட்டும் அனுப்பினால் சிறுநீரகம் செயலிழந்துவிட்டதோ என்று ஒருவர் பதறுவார். எண்ணும் அலகும் எப்போதும் சேர்ந்தே பயணிக்க வேண்டும் என்பதை விதியாக்குங்கள், அலகு இல்லாத முடிவைக் கணினி ஏற்கவே கூடாது.

படி 6: தரவு எங்கே இருக்கும்?

எல்லாவற்றையும் ஒரே நடுவ சர்வரில் கொட்டலாம். அல்லது அவரவர் தரவு அவரவரிடமே இருக்க, எங்கே என்ன இருக்கிறது என்ற அட்டவணையை மட்டும் நடுவில் வைக்கலாம். முதலாவது வேகமானது. இரண்டாவதில் நிறுவனங்கள் எளிதில் ஒத்துக்கொள்ளும், ஆனால் ஓரிடத்தில் சர்வர் படுத்தால் அந்தப் பகுதி காலி. டிஸ்சார்ஜ் அறிவிப்பு மட்டும்தான் என்றால் இந்த விவாதத்தை இப்போதைக்கு ஒத்திவைக்கலாம், செய்தி வந்ததும் உரியவருக்குத் திருப்பிவிட்டால் போதும்.

படி 7: பொய் நோயாளிகளை வைத்து ஓட்டிப் பாருங்கள்

நிஜ நோயாளிகளின் தரவைச் சோதனைக்குத் தொடவே வேண்டாம். மைட்டர் நிறுவனம் உருவாக்கிய சிந்தியா என்ற திறமூல மென்பொருள், கற்பனை நோயாளிகளை அவர்களுடைய முழு மருத்துவ வரலாற்றோடு உருவாக்கித் தரும், எஃப்.எச்.ஐ.ஆர் வடிவிலேயே. ஹாப்பி என்ற திறமூல எஃப்.எச்.ஐ.ஆர் சர்வரை உங்கள் லேப்டாப்பில் நிறுவி, அந்த நோயாளிகளை ஏற்றுங்கள். ஒரு நோயாளியைத் தேடுங்கள், அவருடைய மருந்துகளைக் கேளுங்கள், ஒரு வருகையை 'முடிந்தது' என்று மாற்றிப் பாருங்கள். கையால் செய்து பார்த்தால் மேலே படித்ததெல்லாம் சட்டென்று பிடிபடும்.

அப்புறம் வேண்டுமென்றே கெடுங்கள். இரட்டையர் இருவரை ஏற்றுங்கள். பிறந்த தேதியை அழியுங்கள். ஒரே டிஸ்சார்ஜ் செய்தியை இரண்டு தடவை அனுப்புங்கள். டிஸ்சார்ஜை ரத்து செய்யும் ஏ13 செய்தி வந்தால் முன்பு போன அறிவிப்பு என்ன ஆகிறது என்று பாருங்கள். பலர் கடைசியில் சொன்னதை மறந்துவிடுவார்கள். இன்னும் மருத்துவமனைப் படுக்கையிலேயே இருக்கும் நோயாளியின் வீட்டுக்குப் போய் செவிலியர் கதவைத் தட்டும்போதுதான் நினைவுக்கு வரும்.

படி 8: அறிவிப்பு யார் கையில் விழுகிறது?

தொழில்நுட்பம் அத்தனையும் சரியாக இருந்தும் பலன் இல்லாமல் போவது இங்கேதான். மருத்துவரின் பெட்டியில் அறிவிப்புகளைக் குவித்தால் இரண்டாவது வாரத்திலிருந்து அவர் திறக்கமாட்டார், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கிளினிக்கில் ஒரு செவிலியரையோ ஒருங்கிணைப்பாளரையோ பெயர் குறித்து நியமியுங்கள். அவர் விடுப்பில் இருந்தால் யார் என்பதையும் எழுதிவையுங்கள்.

அவருடைய திரையில் அன்று காலைப் பட்டியல் ஒன்று போதும்: நேற்று டிஸ்சார்ஜ் ஆனவர்கள், புதிய ஆபத்தான மருந்து உள்ளவர்கள் மேலே. வார்ஃபரின் தொடங்கியவர், இன்சுலின் தொடங்கியவர், தனியாக வசிப்பவர் ஆகியோருக்கு முதல் தொலைபேசி அழைப்பு. பேசும்போது வீட்டில் இருக்கும் மாத்திரைகளை எடுத்துவைத்துப் படிக்கச் சொல்லி, டிஸ்சார்ஜ் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். ஒரே மருந்து வணிகப் பெயரில் ஒன்றும் மூலப்பெயரில் ஒன்றுமாக இரண்டு டப்பாவில் இருப்பது இப்படித்தான் அகப்படும். பேசி முடித்ததும் அவர் குறிப்பது மருத்துவமனைக்கும் தெரிய வேண்டும். தகவல் ஒருவழிப் பாதையாக இருந்தால் அனுப்புகிறவர்களுக்குச் சீக்கிரமே அலுத்துவிடும்.

படி 9: எதை எண்ணுவது?

எத்தனை லட்சம் செய்திகள் போயின என்ற எண்ணிக்கை ஆண்டறிக்கைக்கு அழகு சேர்க்கும், அவ்வளவுதான். நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு. டிஸ்சார்ஜ் ஆன நேரத்துக்கும் அறிவிப்பு வந்த நேரத்துக்கும் எவ்வளவு இடைவெளி, நூற்றுக்கு எத்தனை அறிவிப்புகள் திறக்கப்பட்டன, ஏழு நாளுக்குள் எத்தனை பேரிடம் பேசினோம், 30 நாளுக்குள் எத்தனை பேர் திரும்ப மருத்துவமனையில் சேர்ந்தார்கள், யாரோடும் பொருந்தாமல் தேங்கிய பதிவுகள் எத்தனை. தொடங்கும் முன் மூன்று மாத நிலவரத்தை எடுத்துவையுங்கள், இல்லையென்றால் எதோடும் ஒப்பிட முடியாது.

மறுசேர்க்கை குறையாவிட்டால் உடனே திட்டத்தைக் குறை சொல்ல வேண்டாம், அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் திறக்கப்படாத அறிவிப்புகள் கூடிக்கொண்டே போனால் படி 2இல் வரைந்த தாளை எடுத்துக்கொண்டு அந்த கிளினிக்குக்கே போய் ஒரு காலை முழுக்க ஒருங்கிணைப்பாளர் பக்கத்தில் உட்காருங்கள். டிஸ்சார்ஜ் ஓட்டம் நிலைத்த பிறகு இரண்டாவது கைமாற்றமாக லேப் முடிவுகளை எடுக்கலாம். டிஸ்சார்ஜ் சமயத்தில் வராமல் நின்ற முடிவுகளிலிருந்து தொடங்கினால் அடையாள அட்டவணை, அறிவிப்புப் பட்டியல், பொறுப்பாளர் எல்லாம் ஏற்கெனவே கையில் இருக்கும், புதிதாகச் சேர்க்க வேண்டியது லாயிங்க் எண்களும் அலகுச் சரிபார்ப்பும்தான்.