நடக்கிற வேகத்தில் ஒரு யெஸ்டி

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கல்லணைக் கால்வாயின் கடைமடையில் எங்கள் தென்னந்தோப்பு. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்ததில் பாதி மரம் சாய்ந்தது. அதில் ஒன்று மாட்டுக்கொட்டகையின் மேல் விழுந்தது. உடைந்த ஓடுகளை அள்ளிக் கொட்டும்போது அப்பாவின் யெஸ்டி மோட்டார் சைக்கிள் வெளியே வந்தது. 1983-ல் வாங்கிய வண்டி. இரண்டு நெல் மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு அப்பா அதில்தான் மில்லுக்குப் போவார். கடைசிப் பதினான்கு வருடம் அது மாட்டுச் சாணத்துக்கும் வைக்கோலுக்கும் நடுவில் நின்றிருந்தது.

அதைப் பளபளவென்று ஆக்கி வாசலில் நிறுத்த எனக்கு ஆசையில்லை. சாய்ந்து கிடக்கும் தென்னைமரத்தின் மேல் ஏற்றி இறக்க வேண்டும், தண்ணீர் இல்லாத வாய்க்காலில் இறங்கிக் கரையேற வேண்டும், காலைத் தரையில் ஊன்றவே கூடாது. இதற்குப் பெயர் டிரையல்ஸ். இது வேகப் பந்தயம் இல்லை. குறித்துவைத்த தடத்துக்குள் ஒரு முறை கால் ஊன்றினால் ஒரு புள்ளி, இரண்டு முறைக்கு இரண்டு, மூன்றும் அதற்கு மேலும் மூன்று. வண்டி நின்றுவிட்டாலோ விழுந்தாலோ ஐந்து. குறைந்த புள்ளி எடுத்தவர் ஜெயித்தவர்.

ஒரு காலத்தில் 500 சிசி ஏரியல் போன்ற கனமான நான்கு ஸ்ட்ரோக் வண்டிகள்தான் இந்த ஆட்டத்தை ஆண்டன. சாமி மில்லர் 1965-ல் புல்டாகோ என்ற ஸ்பெயின் நாட்டு இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரையலை ஜெயித்தார். அதிலிருந்து எடை குறைந்த இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளின் காலம். நம் ஊரில் பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்குப் பஞ்சமில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

யெஸ்டி ஏன் என்று கேட்பீர்கள். 248.5 சிசி, போர் (சிலிண்டர் துளையின் அகலம்) 65 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 75. ஸ்ட்ரோக் நீளம், உள்ளே சுற்றுகிற சக்கரமும் கனம். அதனால் குறைந்த சுற்றில் அடங்கி இழுக்கும். யமஹா ஆர்எக்ஸ் 100 எடை குறைவுதான். ஆனால் அதன் பலம் மேல் சுற்றில் இருக்கிறது, தென்னைமரத்தின் முன்னால் நின்று அதை முறுக்கினால் திடீரென்று பாயும். இன்று அதற்கு இருக்கிற விலைக்கு அறுத்துப்பார்க்க மனசும் வராது. யெஸ்டியின் குறை அதன் எடை மட்டும்தான்.

வெளியில் வாங்குகிறீர்கள் என்றால் முதலில் ஆர்.சி. புத்தகத்தை வாங்கிச் சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். நான் பதிவைப் புதுப்பிக்கவில்லை. வண்டி தோப்பைத் தாண்டினால் லோடு ஆட்டோவில்தான் போகும்.

முதல் நாள் கிக்கரை உதைக்காதீர்கள். பல வருடம் நின்ற வண்டியில் பிஸ்டன் போரோடு ஒட்டிப்போயிருக்கும், உதைத்தால் ரிங் உடைந்து போரைக் கீறிவிடும். பிளக்கைக் கழற்றி, ஒரு பங்கு மண்ணெண்ணெய்க்கு ஒரு பங்கு டீசல் கலந்து ஊற்றிப் பொறுத்திருங்கள். எனக்குப் பதினோரு நாள் ஆனது. தினமும் சாயங்காலம் நான்காவது கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் மெதுவாக அசைத்துப் பார்ப்பேன். பன்னிரண்டாம் நாள் விரல் அளவு நகர்ந்தது.

கழற்றும்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் போனில் படம் எடுங்கள். நட்டு போல்ட்டுகளைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில் போட்டு, எந்த இடம் என்று சீட்டு ஒட்டுங்கள். மாட்டுக்கொட்டகையில் நின்ற வண்டியானால் இன்னொன்று: கோமியம் பட்ட அலுமினியம் வெள்ளையாகப் பூத்து அரித்திருக்கும். இன்ஜின் அடிப்பாகத்தையும், கார்ப்பரேட்டர் உட்காரும் முகத்தையும் நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். குழி விழுந்திருந்தால் பேஸ்ட் தடவி மூடாமல் லேத்தில் கொடுத்து முகத்தைச் சமன்செய்யுங்கள்.

காற்று புகாத இன்ஜின்

இந்த வேலையில் மற்றதெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், இது இருக்கக்கூடாது. இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோலும் காற்றும் முதலில் கிராங்க் கேஸுக்குள், அதாவது பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுற்றுகிற அறைக்குள் போய், அங்கே அழுத்தப்பட்டு மேலே ஏறுகின்றன. கிராங்கின் இரு பக்கமும் உள்ள ஆயில் சீல்தான் அந்த அறையின் கதவு. ரப்பர் காய்ந்து கல்லானால் கதவு திறந்துகிடக்கிற மாதிரி. இடது பக்கம், அதாவது இன்ஜினிலிருந்து கிளட்சுக்குப் போகும் பிரைமரி செயின் பக்கம் சீல் போனால், கியர் ஆயிலை உள்ளே உறிஞ்சிப் புகையாகக் கக்கும். வலது பக்கம் போனால் வெறும் காற்றை உறிஞ்சும். பெட்ரோல் விகிதம் குறைந்து, ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது) சீராக நிற்காமல் இன்ஜின் தானாக ஏறி இறங்கும். ரோட்டில் ஓட்டுகிறவர் இதைச் சமாளித்துவிடலாம். நடக்கிற வேகத்தில் ஓட்ட நினைக்கிற நமக்கு முடியாது.

அதனால் இன்ஜினைப் பிளந்து இரண்டு சீலையும் மாற்றுங்கள், மெயின் பேரிங்கையும் சேர்த்து. மூடிய பிறகு சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு பழைய பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்து அந்தக் கூட்டில் ஒரு சின்னக் குழாயைப் பற்றவைத்துக்கொள்ளுங்கள். சைலன்சர் போகும் இரண்டு ஓட்டைகளையும், கார்ப்பரேட்டர் ஓட்டையையும் டியூப் ரப்பரும் தகடும் வைத்து அடையுங்கள். பிஸ்டனைக் கீழ்முனைக்குக் கொண்டுவந்தால் மேலறையும் கீழறையும் ஒன்றாகிவிடும். பிளக் குழாயில் பழைய பி.பி. பார்க்கும் கருவியின் பல்பையும் மீட்டரையும் மாட்டி 250 வரை காற்றடியுங்கள். அது கிட்டத்தட்ட 5 பி.எஸ்.ஐ. முள் ஐந்து நிமிடம் அசையாமல் நின்றால் நீங்கள் ஜெயித்தீர்கள். இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவி நுரை வருகிற இடத்தைத் தேடுங்கள். எனக்கு நுரை வந்தது சீலில் இல்லை, சிலிண்டர் அடியில் இருந்த பேக்கிங்கில். இந்தச் சோதனை இல்லாமல் மாட்டியிருந்தால் கார்ப்பரேட்டரைத் திருகியே ஒரு வருடம் போயிருக்கும்.

கிராங்க் விஷயத்தில் நான் ஏமாந்தேன். புது கனெக்டிங் ராடு போட ஒரு பட்டறையில் கொடுத்தேன். பிரஸ்ஸில் அழுத்திக் கொடுத்துவிட்டார்கள், நேர் பார்க்கவில்லை. மாட்டி ஓட்டினால் ஃபுட்ரெஸ்டில் கால் மரத்துப்போகிற அளவுக்கு அதிர்வு. மறுபடி எல்லாவற்றையும் பிரித்து, தஞ்சாவூரில் ஒரு வயதான லேத்காரரிடம் கொண்டுபோனேன். நேர் பார்க்கும் டயல் கேஜ் மீட்டரை வைத்துச் சுற்றிக் காட்டி, "தம்பி, இது கிராங்க் இல்ல, வளைஞ்ச ஆணி" என்றார். செம்புச் சுத்தியலால் தட்டித் தட்டி 0.03 மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்தார். முழு மத்தியானம் ஆனது. நீங்கள் கொடுக்கும்போதே டயல் கேஜ் ரீடிங்கை உங்கள் கண்ணெதிரே காட்டச் சொல்லுங்கள்.

போர் தேய்ந்திருந்தால் அடுத்த அளவுப் பிஸ்டன் போட்டு ஹோனிங் (உள்சுவரைத் தேய்த்துச் சீராக்குவது) செய்யுங்கள், வேறொன்றும் வேண்டாம். போர்ட்டை அரம் போட்டுப் பெரிதாக்குவது, ஹெட்டைச் சீவிக் கம்ப்ரஷன் ஏற்றுவது எல்லாம் ரோட்டுப் பந்தயத்துக்கானது. பிளக்கில் பொறி வரவைக்கும் பாயிண்ட்டின் இடைவெளி 0.4 மில்லிமீட்டர், பிளக் 0.6. பெட்ரோலில் லிட்டருக்கு 40 மில்லி டூ-டி ஆயில் (இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான ஆயில்).

பல் எண்ணிக்கை

வண்டியை நடக்கவைப்பது ஸ்ப்ராக்கெட், அதாவது செயின் ஓடுகிற பல்சக்கரம். முன்னால் ஒரு பல் குறைத்தால், பின்னால் இரண்டரை, மூன்று பல் கூட்டியதற்குச் சமம். நான் முன்னால் இரண்டு குறைத்தேன். பின்னால் பழைய ஸ்ப்ராக்கெட்டின் பல்லைக் கடைந்தெடுத்துவிட்டு, பத்துப் பல் அதிகமுள்ள வளையத்தை வெட்டிப் பொருத்தினேன். யெஸ்டியின் செயின் முழுக்க மூடிய பெட்டிக்குள் ஓடும். பெரிய ஸ்ப்ராக்கெட் அதற்குள் போகாது, பெட்டியை எடுத்தே ஆகவேண்டும். மேலே ஒரு தகடும், விரல் சிக்காதபடி கீழே ஒரு காப்பும் மட்டும் வையுங்கள். எப்படியும் நம் வண்டல் மண் அந்தப் பெட்டிக்குள் போனால் செங்கல்லாக இறுகிவிடும்.

போதுமா என்று பார்க்க: முதல் கியர், ஐடிலிங், ஆக்சிலரேட்டரில் கை இல்லை. பக்கத்தில் நீங்கள் சாதாரணமாக நடந்துபோக வேண்டும். வண்டி உங்களை முந்தினால் இன்னும் பல் வேண்டும்.

கிளட்சைப் பற்றி ஒரு வார்த்தை. யெஸ்டியில் கியர் லீவரை அழுத்தும்போதே கிளட்ச் தானாகக் கொஞ்சம் விடுபடும். அந்த அமைப்பின் அட்ஜஸ்ட்மெண்ட் தவறினால், காலின் எடை லீவரில் பட்டதுமே கிளட்ச் நழுவும். கரையேறும் பாதியில் இப்படி நடந்தால் பின்னாலேயே உருள வேண்டியதுதான். ஸ்குரூவை நிதானமாகச் சரிசெய்யுங்கள். கார்க் பிளேட் புதிதாகப் போட்டால் ஒரு ராத்திரி ஆயிலில் ஊறவைத்துப் போடுங்கள்.

இரட்டைச் சைலன்சர் யெஸ்டியின் அழகு, எனக்கும் தெரியும். ஆனால் இரண்டும் தாழ்ந்து தொங்கும், முதல் மரத்திலேயே நசுங்கும். இரண்டு குழாயையும் முன்னாலேயே ஒன்றாகச் சேர்த்து, வலது பக்கம் சீட்டுக்குக் கீழே உயர்த்திக் கொண்டுபோனேன். பழையவற்றை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். சத்தத்துக்காகச் சைலன்சரைத் திறந்துவிடாதீர்கள், கீழ்ச்சுற்று இழுவை போய்விடும், பக்கத்து வீட்டு மாடும் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும்.

எடையைக் குறைப்பது எளிது. நெல் மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றினேன்: 138 கிலோ. செயின் பெட்டி, பக்கப்பெட்டிகள், கனமான மட்கார்டு, சீட், கேரியர் எல்லாம் போனபின் 117. முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள், எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று புரியும்.

டேங்க்கின் ஒடுக்கை எடுக்கக் கும்பகோணத்தில் பித்தளைப் பாத்திரம் தட்டுகிறவரிடம் கொடுத்தேன். அண்டாவின் ஒடுக்கு எடுக்கிற கைக்கு இது ஒரு வேலையே இல்லை. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் கடைய நாச்சியார்கோவில் விளக்குப் பித்தளை கிடைக்கிறதே என்று போகாதீர்கள், அது சீக்கிரம் தேயும். செம்பும் வெள்ளீயமும் கலந்த கன்மெட்டல் வேண்டும்.

ஃபுட்ரெஸ்டை ஒரு ஜாண் பின்னாலும், இரண்டு விரல் கீழேயும் இறக்கி, அகலமான பல்லுள்ள தகட்டில் செய்துகொள்ளுங்கள். நின்றபடியேதான் ஓட்டப்போகிறீர்கள். ஹேண்டில்பார் அகலமாக, நின்றால் முதுகு வளையாத உயரத்தில். முழுதாகத் திருப்பினால் கேபிள் எதுவும் இழுபடக்கூடாது.

டிரையல்ஸ் வண்டிக்கு முன்னால் 21 அங்குலம், பின்னால் 18 அங்குலச் சக்கரம் என்பது வழக்கம். நான் முன்னாலும் 18-லேயே விட்டுவிட்டேன், மென்மையான முள் டயர் மட்டும் மாற்றினேன். காற்று முன்னால் 10 பி.எஸ்.ஐ., பின்னால் 8. இவ்வளவு குறைத்தால் டயர் ரிம்மில் நழுவி டியூபின் வால்வைப் பிய்த்துவிடும், டயரை ரிம்மோடு பிடித்துவைக்கும் ரிம் லாக் போடாமல் குறைக்காதீர்கள்.

வாய்க்கால் வற்றிய பிறகு

மேட்டூர் அணை ஜனவரி 28-ல் மூடினால் ஜூன் 12 வரை எங்கள் கிளை வாய்க்காலில் தண்ணீர் இருக்காது. அதுதான் எங்கள் பருவம். கரையை வெட்டிவிடுகிற மாதிரி ஒரே இடத்தில் ஏறாதீர்கள். அடுத்தவர் வரப்பில் சக்கரம் படவே கூடாது. அந்த மண்ணை வைத்துத்தான் அவருக்குச் சோறு.

முதல் மாதம் மரமும் வேண்டாம், கரையும் வேண்டாம். தோப்பில் இரண்டு தென்னைக்கு நடுவே எட்டுப் போடுங்கள். கால் ஊன்றாமல் இருபது சுற்று வந்தபின் நடுவில் தேங்காய் மட்டைகளை வையுங்கள். அப்புறம் கஜாவில் விழுந்த மரங்களில் மெல்லியது ஒன்று. முன்சக்கரம் மரத்தைத் தொடும் நொடிக்குச் சற்று முன்னால் ஒரு சின்ன முறுக்கு, உடனே விட வேண்டும். பின்சக்கரம் வண்டியின் ஓட்டத்திலேயே ஏறட்டும். என் தங்கை மகன் இதை ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டான். "மாமா, வண்டிய இழுக்காதீங்க, அதுவே போகுது" என்று எனக்கே சொல்லிக்கொடுத்தான்.

சித்திரை வெயிலில் மெதுவாக ஓட்டினால் இன்ஜினுக்குக் காற்றே கிடைக்காது. பத்து நிமிடம் ஓட்டினால் பத்து நிமிடம் நிழலில் நிறுத்துங்கள். இன்ஜினைக் குளிரவைக்கும் ஃபின் தகடுகளுக்கு நடுவில் அப்பிய மண்ணைக் குச்சியால் எடுங்கள்.

வீடு திரும்பியதும் மண் ஈரமாக இருக்கும்போதே கழுவிவிடுங்கள், காய்ந்தால் உளியில்தான் வரும். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் டேங்க்கையும் கார்ப்பரேட்டர் கிண்ணத்தையும் முழுதாகக் காலி செய்யுங்கள். இப்போதைய பெட்ரோலில் கலக்கிற எத்தனால் ஈரத்தை இழுத்து அடியில் தண்ணீராகத் தங்கிவிடும். காலி டேங்க்குக்குள் கொஞ்சம் டூ-டி ஆயிலை ஊற்றி எல்லாப் பக்கமும் படும்படி உருட்டுங்கள். பிளக் ஓட்டையில் இரண்டு ஸ்பூன் ஆயில் விட்டு, வாரம் ஒருமுறை கிக்கரைக் கையால் அழுத்திப் பிஸ்டனை ஒரு சுற்று வரவையுங்கள்.