பழைய ஃபைபர் படகில் மரச்சட்டம் மாற்றுதலும் திருகாணித் துளைகளைச் சீரமைத்தலும்

2004 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கரைகளில் பெருகிய ஃபைபர் படகுகளுள் இன்றும் கடலுக்குச் செல்பவை இருபது வயதைக் கடந்துவிட்டன. அவற்றின் ஓடு உறுதியாக இருந்தாலும், விளிம்புச் சட்டமும் இருக்கைப் பலகையும் உளுத்துப்போகின்றன. மரத்தை மாற்றுவது தச்சருக்குப் பழகிய வேலைதான். ஆனால் தளர்ந்த பழைய துளையில் தீக்குச்சியைச் செருகிப் புதிய திருகாணியை முடுக்கினால், அது மீண்டும் ஆடத் தொடங்கும். துளை வழியே நீரும் உள்ளே இறங்கும். ஆகவே மரத்தைவிடத் துளைக்கே அதிகக் கவனம் தேவை.

பழைய சட்டத்தை உடைக்காமல் கழற்றுவது நல்லது, ஏனெனில் புதிய சட்டத்தின் வளைவுக்கும் நீளத்துக்கும் அதைவிடச் சிறந்த அச்சு கிடையாது. திருகாணித் தலைகள் பெரும்பாலும் மரத்தக்கைகளுக்கு அடியில் மறைந்திருக்கும். துருவேறி இறுகிய திருகாணியின் தலைமீது சால்டரிங் இரும்பைச் சிறிது நேரம் வைத்துச் சூடாக்கி, ஆறியபின் திருகினால் பெரும்பாலும் இளகிவிடும்.

அடுத்து, துளைக்குள் மெல்லிய கம்பியை விட்டுக் கிளறிப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் ஈரமான மரத்தூள் வந்தால், இரு ஃபைபர் அடுக்குகளுக்கு இடையே உள்ள பிளைவுட் நீர் குடித்திருக்கிறது என்று பொருள். சுற்றிலும் நாணயத்தால் தட்டும்போது ஓசை மங்கலாகக் கேட்கும் இடம் முழுவதும் சேதம் பரவியிருக்கக்கூடும். பாதிப்பு ஒரு கையகலத்தைத் தாண்டினால், துளையை மட்டும் அடைப்பதில் பயனில்லை. மேலடுக்கை வெட்டியெடுத்து உள்மரத்தையே மாற்ற வேண்டும். சிறிய பாதிப்பு என்றால், நன்னீரால் உப்பைக் கழுவி, முழுமையாக உலரும்வரை காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பில்தான் பலர் பொறுமை இழக்கிறார்கள்.

உலர்ந்த துளையை, 5 மி.மீ. திருகாணி என்றால், 10 முதல் 12 மி.மீ. வரை அகலப்படுத்துங்கள், இயலுமிடத்தில் உள்ளடுக்கைத் துளைக்காமல் விட்டால் அதுவே அடிப்பாகமாக அமையும். தலை நீக்கி நுனியை வளைத்த ஆணியை டிரில்லில் மாட்டிச் சுழற்றினால், அடுக்குகளுக்கு இடையே உள்ள மரம் சற்றுக் குடைபட்டு, எப்பாக்சி (ஹார்டனர் எனும் இறுக்கியைக் கலந்தால் கெட்டிப்படும் பிசின்) பிடித்துக்கொள்ள இடம் கிடைக்கும். அசிட்டோனால் துடைத்தபின், முதலில் பொடி சேர்க்காத எப்பாக்சியை உட்சுவரில் தடவி ஊறவிடுங்கள். பிறகு சிலிக்கா பொடி சேர்த்துத் துவையல் பதத்துக்குக் கெட்டியாக்கிய எப்பாக்சியை, காற்றுக்குமிழ் தங்காதபடி, ஊசியற்ற சிரிஞ்சால் அடியிலிருந்து மேலாக நிரப்புங்கள். பாலியஸ்டர் ரெசின் விலை குறைவுதான். ஆயினும் அது இறுகும்போது சுருங்கும், பழைய பரப்பில் எப்பாக்சி அளவுக்கு ஒட்டவும் செய்யாது. எப்பாக்சியில் ஹார்டனரைக் கூட்டினால் விரைவில் இறுகும் என்பது தவறான எண்ணம். டப்பாவில் குறித்துள்ள விகிதம் மாறினால் அது சரியாக இறுகாமல் போகும். நம் ஊர் உச்சிவெயிலில் கலவை கிண்ணத்திலேயே கொதித்துப் புகையும் என்பதால், சிறிது சிறிதாகக் கலந்து, வெப்பம் தணியும் மாலையில் வேலை செய்யுங்கள். தேய்க்கும்போது முகமூடி கட்டாயம்.

மறுநாள் பரப்பை நீரால் கழுவி, உப்புத்தாளால் மட்டமாகத் தேய்த்தபின், புதிய சட்டத்தை வைத்துத் துளைகளைக் குறியுங்கள். 5 மி.மீ. திருகாணிக்கு ஏறத்தாழ 4 மி.மீ. முன்துளை போதும், துளையின் வாயைச் சற்றே சரிவாகக் குடைந்தால் ஜெல்கோட் எனும் வெளிப்பூச்சு வெடிக்காது, சீலன்ட்டும் (நீர் புகாமல் அடைக்கும் பசை) அங்கே வளையமாகத் தங்கும். சட்டம் தேக்கு என்றால், அதில் எண்ணெய்ப்பசை உண்டாதலால், சீலன்ட் பூசும் முன் அசிட்டோனால் துடைப்பது அவசியம். சிலிக்கோனைத் தவிர்த்துப் பாலிசல்ஃபைடு சீலன்ட்டைப் பயன்படுத்துங்கள். சிலிக்கோன் விட்டுச்செல்லும் படலத்தின்மேல் பின்னாளில் எதுவும் ஒட்டாது. திருகாணிகள் 316 தரத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். சீலன்ட் முழுவதும் பிதுங்கி வெளியேறும்படி இறுக்கிவிடாமல், ஓரங்களில் சிறிது கசிந்தவுடன் நிறுத்துங்கள்.

இறுதியாக, தலைகளை மூடும் தக்கைகளை மரத்தின் ரேகையோடு பொருத்தி, எப்பாக்சிக்குப் பதில் வார்னிஷில் தோய்த்து அடியுங்கள். அடுத்தமுறை சட்டத்தைக் கழற்றுபவர் அவற்றை மரம் சிதையாமல் எடுத்துவிடலாம்.