தண்ணீர் குடிக்கும் ஃபிளை: வீட்டில் கட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெதுநீர் மீன்களுக்கு லூர் (கடையில் விற்கும் கனமான செயற்கை இரை) போன்ற ஃபிளைகளை, அதாவது தூண்டில் முள்ளில் முடியும் இறகும் நூலால் கட்டிச் செய்யும் இரைகளை, கட்டப் புதிதாக உட்காருகிறவர்களைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். பாஸ், புளூகில், பைக், விரால் என்று குறிவைக்கும் மீன் மாறுகிறது, தவறுகள் மாறுவதில்லை. அவற்றில் பாதி நானும் செய்து கைவிட்டவைதான். நூலை இறுக்கிச் சுற்ற வேண்டும், முள்ளின் காதை (நரம்பு கோக்கும் துளையை) மூடிவிடக் கூடாது என்பதெல்லாம் முதல் நாளே தெரிந்துவிடும் சங்கதிகள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முள்ளின் வாயை அடைப்பது

பாப்பர், அதாவது நீர்ப்பரப்பில் நீரைத் தெறிக்கவைக்கும் நுரை ஃபிளை, கட்டுகிறவர்கள் நுரைத்துண்டின் நடுவில் துளையிட்டு முள்ளைச் செருகிவிடுகிறார்கள். பாதி நுரை முள்ளின் தண்டுக்குக் கீழே தொங்குகிறது. தண்டுக்கும் முனைக்கும் இடையிலுள்ள வாய் அடைபட்டுப்போகிறது. வீசினால் நீர் வெடிக்கிறது, மீன் அடிக்கிறது, முள் மட்டும் ஏறுவதில்லை. "மீன் விளையாட்டுக் காட்டுகிறது" என்று சொல்லிக்கொள்கிறார்கள். மீனுக்கு என்ன விளையாட்டு? நுரையைக் கடித்துப் பார்த்துவிட்டுத் துப்புகிறது.

துண்டின் அடிப்பக்கத்தில் கீறி, தண்டு அடி விளிம்பை ஒட்டி உட்காரும்படி ஒட்டுங்கள். நுரையின் பெரும்பகுதி தண்டுக்கு மேலே இருக்க வேண்டும். தண்டில் வளைவுள்ள பாப்பர் முள் கிடைத்தால் உடல் சுழன்றுகொள்ளாது. நேரான தண்டு என்றால் முதலில் நூலைச் சுற்றிச் சொரசொரப்பாக்கிக்கொண்டு பிறகு பசை வையுங்கள். பாஸுக்கு அகன்ற வாயுள்ள முள் வேண்டும். புளூகிலின் வாய் மிகச் சிறியது. 8 அல்லது 10 எண் முள்ளைவிடப் பெரியது வேண்டியதில்லை (முள்ளில் எண் கூடினால் அளவு குறையும்).

தண்ணீர் குடிக்கும் உடல்

எத்தனை முறை சொன்னாலும் யாரும் காதில் போட்டுக்கொள்ளாத விஷயம் இது. கடையில் தொங்கும் லூரைப் பார்த்து, அதே நீளம், அதே பருமனில் ஃபிளை கட்டுகிறார்கள். பெரிய மீனுக்குப் பெரிய இரை, பெரிய இரைக்கு நிறைய முடி என்பது கணக்கு.

லூர் தன் எடையால் பறக்கிறது. அதன் பின்னால் ஓடும் நைலான் நரம்புக்கு எடை இருக்கிறதா என்றுகூட யாரும் யோசிப்பதில்லை. ஃபிளை வீச்சில் எல்லாம் தலைகீழ். எடை லைனில், அதாவது தடித்த வீச்சு நூலில், இருக்கிறது. ஃபிளை அதனோடு இழுபட்டுப் போகிறது. 6ஆம் எண் லைனின் முதல் 9 மீட்டர் நிர்ணயப்படி சுமார் 10.4 கிராம், 8ஆம் எண் லைனில் 13.6 கிராம். கையில் இருக்கும் மூலதனம் அவ்வளவுதான். அதன் நுனியில் நான்கைந்து கிராம் ஈரத்தைக் கட்டிவிட்டால் எந்தக் கம்பும் அதைத் தூக்கிப் போடாது.

ஓர் இளைஞர் தன் ஃபிளையைக் காட்டினார். ஒரு சாண் நீளம். இரண்டு முயல்தோல் பட்டைகள், கை நிறைய மராபூ என்ற பஞ்சுபோன்ற இறகு, மின்னும் இழைகள், முன்னால் எடைக்காகக் கட்டும் கனமான ஈயக் கண்கள். உலர்ந்திருந்தபோது குறை சொல்ல முடியாத அழகு. குவளை நீரில் முக்கித் தூக்கினேன். மயிர் ஒட்டிக்கொண்டு உடல் பாதியாகச் சுருங்கியது. ஆனால் தோல் குடித்த நீரை விடவேயில்லை, மேசையில் சொட்டிக்கொண்டே இருந்தது. பருமன் போய்விட்டது, பாரம் மட்டும் மிச்சம். சொன்னேன். சிரித்துக்கொண்டு 6ஆம் எண் கம்பில் அதையே வீசினார். பின்வீச்சில் லைன் நீளும் முன்பே ஃபிளை கீழே இறங்கியது. முன்வீச்சில் ஈயக் கண் கம்பில் 'டக்'கென்று மோதியது.

கார்பன் கம்பில் அந்த 'டக்' சாதாரணமானதல்ல. வெளியே தெரியாத சிறு வெடிப்பு விழுந்திருக்கும். அன்றைக்கு ஒன்றும் ஆகாது. இவருடைய கம்பு பிறகு உள்ளங்கை அளவு மீன் ஒன்றை இழுக்கும்போது முறிந்தது. மட்டமான கம்பு என்று தயாரித்தவர்களைத் திட்டித் தீர்த்தார். அதுகூடப் பரவாயில்லை. புதுக் கம்பு வாங்கிவிட்டு அதே ஃபிளையை மறுபடி கட்டினாரே, இந்த முறை மூன்று பட்டைகளுடன், அதைத்தான் இன்னும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மீன் பார்ப்பது உருவரையையும் அசைவையும்தான். மான்வால் முடியில் வாலின் அடிப்பகுதி முடி உள்ளீடற்றது. நூல் இறுகியதும் விரிந்து நிற்கும். நுனிப்பகுதி முடி அப்படி விரியாது, படிந்து கிடக்கும். அடிப்பகுதி முடியை முன்பக்கம் நீட்டிக் கட்டி, பின்னால் மடித்து, அதன் முன்னால் நூலை அணைபோலச் சுற்றி நிறுத்தினால், தீக்குச்சிப் பருமனுள்ள கற்றையே குடைபோல விரியும். அமெரிக்க ஃபிளை கட்டுநர் பாப் போபோவிக்ஸ் பரப்பிய 'ஹாலோ' முறையின் அடிப்படை இதுதான். உள்ளே காற்றுவெளி, வெளியே பெரிய உடல்; லைனைத் தூக்கியதும் நீர் வடிந்துவிடும்.

முயல்தோல் வேண்டுமென்றால் ஒரே பட்டை, மெல்லியதாக, வாலுக்கு மட்டும். மராபூவைக் கட்டும்போதே விரலில் நீர் தொட்டுத் தடவி, நனைந்தால் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். செயற்கை இழை நீரை உறிஞ்சாது. அதற்காக அள்ளி வைத்தால் இழைகளுக்கு இடையில் நீர் தங்கும். பாப்பருக்கு நுண்ணறைகள் மூடிய ஈ.வி.ஏ. நுரையை எடுங்கள், பாத்திரம் தேய்க்கும் பஞ்சு வகை வேண்டாம். சந்தேகமாக இருந்தால் சிறு தராசில் உலர்ந்த எடையையும், நீரில் முக்கி ஒருமுறை உதறிய பிறகு உள்ள எடையையும் பாருங்கள். இரண்டாவது எண்ணைத்தான் உங்கள் தோள் சுமக்கப்போகிறது.

ஈயக் கண்கள்

பாப் கிளவுசர் 1980களில் அமெரிக்காவின் சஸ்குவெஹன்னா ஆற்றின் ஸ்மால்மவுத் பாஸுக்காக உருவாக்கிய 'கிளவுசர் மின்னோ' இன்று எங்கும் கட்டப்படுகிறது. எங்கும் தப்பாகவும் கட்டப்படுகிறது. கண்கள் தண்டின் மேல்பக்கம் உட்காருவதால் நீருக்குள் ஃபிளை கவிழ்ந்து, முள்முனை மேலே பார்த்தபடி நீந்தும். கட்டும்போது முள்ளைப் பிடித்திருக்கும் வைஸில் மேலே தெரியும் பக்கம் நீரில் வயிறு. இதை மறந்து கரும்பச்சை முடியை அங்கே கட்டுகிறவர்களின் மீனுக்கு வெள்ளை முதுகும் கறுத்த வயிறும் வாய்க்கின்றன.

கண்களை முள்ளின் காதை ஒட்டி வைக்காதீர்கள். தண்டின் மூன்றில் ஒரு பங்கு தள்ளி வைத்தால்தான் முன்னால் முடி கட்ட இடமிருக்கும். குறுக்காகச் சுற்றிய பின், கண்களுக்கு அடியிலும் தண்டுக்கு மேலுமாகக் கிடைமட்டமாகச் சில சுற்று போட்டால் நூல் இறுகும். பசை அதற்குப் பிறகு.

வால் முள்ளில் சிக்குவது

நீண்ட, மெல்லிய வால் வீச்சின்போது முள்ளின் வளைவில் சுற்றிக்கொள்ளும். அப்படிப் பக்கவாட்டில் சுழன்று வரும் ஃபிளையைப் பெரும்பாலான மீன்கள் சீண்டுவதில்லை. வாலுக்கு அடியில் தடித்த நைலான் நரம்பில் சிறு வளையம் ஒன்று கட்டித் தாங்குதல் கொடுங்கள். அல்லது வாலைக் குறையுங்கள்.

களைத் தடுப்பு நரம்பு

முள் நீர்க்களையில் சிக்காமலிருக்க அதன் முன்னால் கட்டும் நரம்பு விரல் பட்டதும் மடங்க வேண்டும். மடங்கவில்லை என்றால் மீனையும் தடுக்கும்.

கண்ணுக்கு இமை வரைவது

வரையுங்கள், மீனுக்கு ஆட்சேபணை இல்லை.

எதிர்முள்

முனைக்குப் பின்னால் எதிர்த்திசையில் நீட்டும் சிறு கூரை நசுக்குவதாக இருந்தால் கட்டுவதற்கு முன்பே இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். சில முட்கள் அந்த அழுத்தத்தில் முறிந்துவிடும். வெறும் முள்ளாக இருக்கும்போது முறிந்தால் போவது ஒரு முள் மட்டும்.