ஹட்டனில் வீடு வாங்க நான் இடம் தேர்ந்த விதம்

ஹட்டன் பக்கம் தரகர் காட்டிய எல்லா இடமும் அழகாகத்தான் இருந்தது. வெயில் நாளில் மலைநாட்டில் எந்த இடம் அழகில்லை? அதனால் தென்மேல் பருவமழை கொட்டும் ஜூன்வரை முற்பணம் கொடுக்காமல் இழுத்தடித்தேன். தரகருக்குக் கோபம். சரி, இருக்கட்டும்.

மழையில் போனதும் விஷயம் தெரிந்தது. ஒரு வீட்டின் பின்னால் மண்மேட்டைச் செங்குத்தாக வெட்டியிருந்தார்கள். அதன் அடியிலிருந்து கலங்கல் தண்ணீர் கசிந்தது. மேலே மரங்கள் சாய்ந்திருந்தன, நிலத்தில் நீளமாக ஒரு வெடிப்பு. மூன்றுமே மண்சரிவின் அறிகுறிகள். 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை மறந்துவிட்டு அங்கே எப்படித் தூங்குவது? விலை குறைவுதான், ஆனாலும் வேண்டாமென்றேன்.

அப்புறம் பார்த்த இடத்தைத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தோடு ஒப்பிட்டேன். வரைபடத்தில் இல்லாததை அக்கம்பக்கத்து ஆச்சிமார் சொன்னார்கள்: குழாய்த் தண்ணீர் எப்போது நிற்கும், எந்த மதில் முன்பு சரிந்தது, ஓட்டோ எதுவரை ஏறும். காணி உறுதிப் பத்திரத்தைச் சட்டத்தரணி காணிப் பதிவகத்தில் சரிபார்த்தார். கடைசியில் வாங்கியது டிக்கோயா வீதிக்கருகே, சமதரையில் உள்ள பழைய குடியிருப்பில். ஜன்னலைத் திறந்தால் மலை தெரியாது, பக்கத்து வீட்டுச் சுவர்தான். பஸ் தரிப்பிடம் மட்டும் கிட்ட இருக்கிறது.