மாதக் கடைசியிலும் உண்மை பேச: புதிய காப்புறுதி முகவர்களுக்கு

மலேசியாவில், பினாங்கின் பிறையில் இருந்துகொண்டு காப்புறுதி விற்கிறேன். இது பதினோராவது வருடம். தொடங்கிய புதிதில் ஒரு மாதம் 27-ஆம் தேதி, கார் தவணை இன்னும் கட்டவில்லை. பட்டர்வொர்த்தில் ஒரு ஃபிளாட்டின் ஐந்தாவது மாடியில் உட்கார்ந்திருந்தேன். லோரி ஓட்டும் அண்ணன், தையல் தைக்கும் அக்கா, இரண்டு பிள்ளைகள். அவர்களால் மாதம் 120 வெள்ளி கட்ட முடியும். நான் 280 வெள்ளித் திட்டத்தை விரித்து வைத்து, "சமாளிச்சிக்கலாம் அக்கா" என்றேன். ஏழாவது மாதம் கட்டுவதை நிறுத்திவிட்டார்கள். பாலிசி போனது. எனக்குக் கொடுத்த கமிஷனில் ஒரு பங்கையும் கம்பெனி பிடித்துக்கொண்டது. இப்போதும் மார்க்கெட்டில் பார்த்தால் அக்கா சிரிக்கத்தான் செய்கிறார். எனக்குத்தான் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

அன்று தேதி 5-ஆக இருந்திருந்தால் 120 வெள்ளித் திட்டத்தைத்தான் எடுத்திருப்பேன். ஆகவே விற்கிற வித்தை எதையும் இங்கே எதிர்பார்க்க வேண்டாம். அந்த 27-ஆம் தேதியை வாழ்க்கையிலிருந்து எப்படி எடுப்பது என்றுதான் சொல்லப் போகிறேன். முகவராவதற்கு எழுதும் பிசிஇ தேர்வு, பதிவு எல்லாம் உங்கள் லீடரே சொல்லித்தருவார், அதை விட்டுவிடுகிறேன்.

படி 1: கமிஷன் வரும் விதத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

நம் நாட்டில் ஆயுள் காப்புறுதிக் கமிஷன் பொதுவாக முதல் ஆறு வருடங்களுக்கு வரும். முதல் வருடம் கொழுத்து வரும், அப்புறம் தேய்பிறைதான். ஆனால் பாலிசி முப்பது வருடம் ஓடலாம். பத்தாவது வருடம் பித்தப்பையில் கல் என்று ஆஸ்பத்திரியில் படுத்தாலும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். பணம் புது ஆட்களிடமிருந்து வருகிறது, வேலை பழைய ஆட்களிடமிருந்து வருகிறது. இந்த இழுபறியை முதல் நாளே தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

படி 2: உங்களுக்கு நீங்களே சம்பளம் போடுங்கள்

இரண்டு வங்கிக் கணக்கு வேண்டும். கமிஷன் முழுக்க முதல் கணக்கில் விழட்டும். அதிலிருந்து ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி ஒரே தொகையை வீட்டுக் கணக்குக்கு மாற்றுங்கள். கடந்த 12 மாதத்தில் 43,200 வெள்ளி வந்தது என்று வையுங்கள். சராசரி 3,600. அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 2,400, உங்கள் சம்பளம். 7,000 வந்த மாதமும் 2,400தான், 900 வந்த மாதமும் 2,400தான். நல்ல மாதத்தில் கை அரிக்கும். புதுப் போன் வாங்கச் சொல்லும். விடாதீர்கள்.

12 மாதக் கணக்கே இன்னும் இல்லையா? அப்படியானால் கையிலிருக்கும் ஃபேக்டரி வேலையை அவசரப்பட்டு விடவேண்டாம். வேலை ஒப்பந்தம் இடம் கொடுத்தால் பகுதிநேரமாகத் தொடங்குங்கள். ஆறு மாத வீட்டுச் செலவு சேர்ந்த பிறகு முழுநேரத்தைப் பற்றி யோசிக்கலாம். "துணிஞ்சி இறங்கு" என்று மேடையில் பேசுகிறவர் உங்கள் வீட்டு வாடகையைக் கட்டமாட்டார்.

படி 3: முதல் சந்திப்பு

இங்கே கொஞ்சம் நேரம் செலவு செய்யுங்கள். கொட்டேஷனைக் காட்டுவதற்கு முன்னாலேயே, "வேலை இல்லாத மாதத்திலும் கட்ட முடிகிற தொகை எவ்வளவு?" என்று கேளுங்கள். வரும் தொகையை எழுதி அவர்கள் முன்னால் வையுங்கள். அதைத் தாண்டாதீர்கள்.

அடுத்து உடல்நிலை. "நோய் ஏதும் இருக்கா?" என்று கேட்டால் பாதிப் பேர் இல்லை என்றுதான் சொல்வார்கள். நான் அப்படிக் கேட்பதில்லை. "கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கக் கிளினிக்கில்) மருந்து எடுக்கிறீங்களா அண்ணே?" என்று கேட்பேன். உடனே அக்கா எழுந்து போய் ஐஸ்பெட்டி மேலிருக்கும் மாத்திரைப் பையைக் கொண்டுவருவார். இனிப்பு நீருக்கு ஒன்று, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று. அவர்களைப் பொறுத்தவரை அது நோய் இல்லை, வயசு. அந்தப் பையில் இருப்பதை அப்படியே பாரத்தில் எழுதுங்கள். கூடுதல் பிரீமியம் வரலாம், விண்ணப்பமே நிராகரிக்கப்படலாம். மறைத்து விற்றால் கிளேமின்போது ஆஸ்பத்திரி வாசலில் நிற்கப்போவது அந்தக் குடும்பம்.

மெடிக்கல் கார்டு, அதாவது ஆஸ்பத்திரிச் செலவுக்கான காப்புறுதி, என்றால் காத்திருப்புக் காலத்தையும் சொல்லிவிடுங்கள். வழக்கமாக முதல் 30 நாளுக்கு விபத்து தவிர வேறு எதற்கும் கிளேம் கிடையாது. உயர் ரத்த அழுத்தம், இனிப்பு நீர், சிறுநீரகக் கல் மாதிரி பட்டியலில் உள்ள நோய்களுக்கு 120 நாள். பாலிசி கைக்கு வந்தபின் 15 நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம். கட்டிய பணத்தில் மருத்துவப் பரிசோதனைச் செலவு ஏதும் இருந்தால் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். இந்த 15 நாள் விஷயத்தைச் சொல்லப் புது முகவர்கள் பயப்படுவார்கள். நான் சொல்ல ஆரம்பித்த பிறகு என் பாலிசிகள் பாதியில் நிற்பது குறைந்திருக்கிறது.

நாமினி, அதாவது நாம் இறந்தால் பணத்தை வாங்க எழுதி வைக்கும் ஆள், விஷயத்தில் நம் குடும்பங்களில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. கல்யாணத்துக்கு முன்பு தம்பி பெயரைப் போட்டவர், அப்புறம் மாற்றுவதே இல்லை. முஸ்லிம் அல்லாதவர் மனைவி அல்லது பிள்ளை பெயரைப் போட்டால் 2013 நிதிச் சேவைச் சட்டப்படி அது அவர்களுக்கான டிரஸ்ட் ஆகி, பணம் அவர்களுக்கே சொந்தமாகிறது. தம்பி பெயர் இருந்தால், பணத்தை வாங்கிச் சட்டப்படி உரியவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்புதான் அவருக்கு. தம்பிக்கே இது தெரியாது. கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்ததும் நாமினி பாரத்தையும் எடுத்து வைத்துவிடுவேன். மொய்யோடு அதுவும் போகும்.

படி 4: பழைய ஆட்களுக்கு ஒரு கிழமை

செவ்வாய்க்கிழமை நான் எதையும் விற்பதில்லை. கிளேம் பாரம், முகவரி மாற்றம், தவணை தவறியவர்களுக்குப் போன், எல்லாம் அன்றுதான். ஆயுள் பாலிசிக்குப் பெரும்பாலும் 30 நாள் சலுகைக் காலம் இருக்கிறது. அதற்குள் ஒரு போன் போட்டால் பல பாலிசிகளைக் காப்பாற்றலாம். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் பந்தலில்கூட மோர் கொடுத்துக்கொண்டே கிளேம் கேட்பார்கள். பெயரைப் போனில் குறித்துக்கொண்டு, "செவ்வாய்க்கிழமை கூப்பிடுறேன்" என்பேன். கூப்பிட்டும் விடுவேன்.

ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆவது மட்டும் செவ்வாய்க்காகக் காத்திருக்காது. பில்லைத் தான் கட்டுவதாக உறுதி சொல்லும் ஜிஎல் கடிதத்தைக் கொடுப்பது கம்பெனி. கேட்பது ஆஸ்பத்திரி கவுண்டர். நடுராத்திரியில் நீங்கள் ஓடினாலும் அது சீக்கிரம் வந்துவிடாது. கம்பெனியின் 24 மணி நேர எண்ணைப் பெரிதாக ஒட்டுத்தாளில் அடித்து ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டு வாருங்கள். என் ராத்திரி அழைப்புகள் அப்படித்தான் குறைந்தன.

பாவம் என்று வாடிக்கையாளரின் பிரீமியத்தை நீங்கள் கட்டாதீர்கள். அடுத்த மாதமும் எதிர்பார்ப்பார்கள். கமிஷனில் தள்ளுபடி கொடுத்து ஆள் பிடிப்பது விதிமுறைக்கே எதிரானது.

படி 5: "கார்டை கேன்சல் பண்ணிடலாமா?"

மெடிக்கல் பிரீமியம் ஏறியதிலிருந்து இந்த போன்தான் அதிகம். புதுக் கார்டுக்கு மாற்றினால் உங்களுக்குப் புதுக் கமிஷன். அவருக்கோ காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து. பழைய கார்டை வாங்கியபின் வந்த நோயைப் புதுக் கம்பெனி ஒதுக்கியும் விடலாம். 58 வயதில் இனிப்பு நீரோடு இருப்பவருக்கு அது எத்தனை பெரிய விஷயம்!

ஆகவே முதலில் இருக்கிற கம்பெனியையே கேளுங்கள். 1.9.2024 முதல் ஒவ்வொரு கம்பெனியும் இணைக்கட்டணம் உள்ள மெடிக்கல் திட்டத்தையும் வைத்திருக்க வேண்டும் என்பது மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் விதி. பில்லில் ஒரு பங்கை அவர் கட்டுவார், பிரீமியம் குறையும். அந்தப் பங்கு எத்தனை வெள்ளி வரும், அதைக் கையில் வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் புதியது ஒப்புதலாகி காத்திருப்புக் காலம் முடியும்வரை பழையதை நிறுத்தவிடாதீர்கள். போன மாதம் அப்படி ஒரு மாமாவிடம் ஒன்றரை மணி நேரம் பேசினேன். எனக்குக் கமிஷன் ஒரு காசு இல்லை. 1-ஆம் தேதி சம்பளம் போட்டுக்கொண்டவன் என்பதால் கடிகாரத்தையும் பார்க்கவில்லை.

படி 6: வரியும் சேமநிதியும்

சுருக்கமாக. நீங்கள் சம்பளக்காரர் இல்லை, ஆகவே வருமான வரிக்கு போராங் பி, அதாவது தொழில் வருமானம் உள்ளவர்களுக்கான பாரம். பெட்ரோல், பினாங்குப் பாலத்து டோல் ரசீதுகளை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். வரியைத் தவணையாகக் கட்டச் சொல்லும் சிபி 500 கடிதம் வந்தால் அந்தத் தவணைத் தொகையை முதல் கணக்கிலேயே ஒதுக்கிவிடுங்கள். ஊழியர் சேமநிதியில் சுயதொழில் செய்கிறவர்களுக்கான ஐ-சாரான் திட்டத்துக்குப் பதிந்துகொண்டால், வருடத்துக்கு நீங்கள் 2,500 வெள்ளி போட்டால் அரசாங்கம் 500 போடும். நான் அதை மாதம் 210-ஆகப் பிரித்து, 1-ஆம் தேதி சம்பளம் மாறும்போதே போய்விடும்படி வைத்திருக்கிறேன்.